அப்பாவின் வயிறும் என் எடையும்

நுரையீரல் சளிக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு அப்பா துடியலூர் வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே, குளியலறைக் கதவு அடிக்கடி சாத்திக் கிடக்கத் தொடங்கியது. உள்ளே தண்ணீர் விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது கையில் பிழிந்த வேட்டி இருக்கும்.

"ஏனுங்கப்பா, வயிறு சரியில்லைங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. சூட்டு வவுறு" என்றார்.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பாக்குத் தோப்பு வைத்திருந்தவர். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஒல்லியான மனிதர். அவருடைய ஒரே மகனான நான் நேர்மாறு. இரண்டாம் வகுப்பிலிருந்தே என் பெயர் 'குண்டு'தான். நாற்பத்தாறு வயதில் நூற்றெட்டுக் கிலோ. பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு எதிரே பேக்கரி. காலையும் மாலையும் அங்கே டீயும் தேங்காய் பன்னும். எடை என்பது எனக்கு மற்றவர்கள் சிரிக்கும் ஒரு விஷயம், நானும் சேர்ந்து சிரித்துவிடும் விஷயம். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையும் கேட்கவில்லை. ஒரு நாள் குளியலறையிலிருந்து வரும் வழியில் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். தூக்கியபோது எடையே இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

குடல்நோய் மருத்துவர் ஒரு பெண்மணி. மலப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அப்பாவுக்கு வந்திருப்பது சி.டிஃப் தொற்று (ஆன்டிபயாடிக் மருந்துகளால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த பிறகு, அந்த இடத்தில் பெருகி நஞ்சு கக்கும் ஒரு கிருமி). நுரையீரலைக் காப்பாற்றிய அதே மருந்துதான் குடலைக் காலி செய்திருக்கிறது.

"அந்த மருந்து குடுத்தது தப்புங்களா டாக்டர்?"

"இல்லைங்க. அது குடுக்கலைன்னா அன்னைக்கே ஆள் போயிருப்பாரு. வயசானவங்களுக்குக் குடல்ல நல்ல பாக்டீரியா வகைகளே கொறஞ்சுபோயிருக்கும். அதனாலதான் இவங்களுக்குத் தாங்கறதில்ல."

இந்தக் கிருமிக்கென்றே ஒரு மாத்திரை கொடுத்தார். நின்றது. மாத்திரை முடிந்ததும் திரும்ப வந்தது. மீண்டும் கொடுத்தார், மீண்டும் நின்றது, மீண்டும் வந்தது. அதற்குள் அப்பா தானாக எழுந்து போகும் நிலையைக் கடந்திருந்தார். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். விடுப்புப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

மூன்றாவது முறை வந்தபோது மருத்துவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இனி மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. குடல் நுண்ணுயிர் மாற்று சிகிச்சை (நலமான ஒருவரின் மலத்தைச் சுத்திகரித்துக் கரைசலாக்கி, நோயாளியின் பெருங்குடலுக்குள் செலுத்துவது) செய்து பார்க்கலாம். வீட்டிலேயே ஒருவர் கொடையாளியாக இருந்தால் நல்லது.

கேட்டு முடிப்பதற்குள் "நான் குடுக்கறேனுங்க" என்றேன். அருவருப்பெல்லாம் தோன்றவே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "உங்ககிட்ட எடுக்க மாட்டோமுங்க. எடை கூடினவங்கள நாங்க சேர்க்கிறதில்ல."

"எடைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் பொறுமையாக விளக்கினார். உடல்பருமன் உள்ளவர்களின் குடலில் பாக்டீரியாக்களின் கலவை வேறாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பருத்த எலியின் பாக்டீரியாக்களை மெலிந்த எலிக்குள் விட்டால் அதற்கும் கொழுப்பு கூடுகிறது. மனிதர்களில் எது காரணம், எது விளைவு என்று இன்னும் யாராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெரியாத ஒன்றை நோயாளிக்குள் அனுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த விதி. பிறந்ததிலிருந்து முதல் இரண்டு மூன்று வருடங்களில் இந்த நுண்ணுயிர்கள் குடலில் குடியேறுகின்றன. தாய்ப்பால், முதல் உணவு, அந்த வயதில் எடுத்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. நடுவயதில் சாப்பாடும் தூக்கமும் அவற்றை மாற்றுகின்றன. முதுமையில் வகைகள் குறைகின்றன.

நான் பாதிதான் கேட்டேன். வெளியே வந்து வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடிகள் இரண்டு பக்கமும் அழுத்தின. உடம்பைப் பற்றி எத்தனையோ கேலிகளைக் கேட்டவன் நான். அப்பாவுக்கு ஆகாத உடம்பு என்று முதல் முறையாகத் தெரிந்தது. கேலியில் வராத அழுகை அன்று வந்தது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, நான் குடுக்கறேன். டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். ரத்தம், மலம் எல்லாம் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க."

பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. சரியில்லாமல் போனது அப்பாவிடம்தான்.

"மருமவளுதா? வேண்டாம் கண்ணு. இப்படியே போயர்றேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினாறு வருடங்களாக அவளிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தயங்குகிற மனிதர். நான் எவ்வளவோ பேசினேன். அவர் திரும்பவில்லை.

அவள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க மாமா, இத்தன நாளா உங்க துணிய நாந்தானுங்க அலசறேன். அதுல வராத சங்கடம் இதுலயா வந்துபோகுது?"

அப்பா மெல்ல அவள் பக்கம் திரும்பினார். கண்ணோரம் ஈரம் இருந்தது. கடைசியில், "அம்மணி, சனங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"தெரியாதுங்க மாமா."

சிகிச்சை நாளன்று காலை மனைவி, மருத்துவமனையில் கொடுத்த டப்பாவை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். சில மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகள் நகரவில்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அவசரப்படாதீங்க. இது ஒண்ணும் ஆறிப்போயறாது" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பக்கத்துப் பேருந்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் முறை) மூலம் கரைசலை உள்ளே செலுத்தினார்கள். அப்பா மயக்கத்தில் இருந்தார். முடிந்து வெளியே கொண்டுவந்தபோது எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்த நாளும் வயிற்றால் போனது. அதற்கடுத்த நாள் போகவில்லை. அந்த வாரக் கடைசியில் மலம் கட்டியாகப் போனது என்று செவிலியர் சொன்னபோது, அப்பா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் எடுத்தபின் வயிற்றுப்போக்கு நீடித்தால், கடையில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். எடுத்த மருந்தின் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள். இந்தச் சிகிச்சையை வீட்டில் செய்துபார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதிக்காத மலத்தோடு வேறு தொற்றும் உள்ளே போய்விடும்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று எங்கள் மகளும் வந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என்னைப் போன்ற உடல்வாகு. வகுப்பில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எங்களிடம் சொல்லியதில்லை. நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் மருத்துவரிடம் கேட்டாள்.

"டாக்டர், அம்மாவுது எனக்கும் வெச்சா நானும் ஒல்லியாயருவனா?"

மருத்துவர் அவளை மட்டும் பார்த்துப் பேசினார்.

"இல்ல கண்ணு. தாத்தாவுக்கு வயித்துல கெட்ட கிருமி நெறஞ்சு உசுருக்கே ஆபத்தா இருந்துச்சு. அதுக்குத்தான் இந்த வைத்தியம். எடைக்கு இதைச் செய்யறதில்ல. செஞ்சு பாத்த எடத்துலயும் பெருசா எடை குறையல. உனக்கு ஒடம்புல கோளாறு ஒண்ணுமில்ல. இன்னும் வளர்ற வயசு. காயும் பயறும் சேர்த்துச் சாப்பிடு, ஓடு, ஆடு, நல்லாத் தூங்கு. எடைய நாங்க பெரியவங்க பாத்துக்கறோம்."

பிறகு என்னைப் பார்த்து, "எடையக் கொறைக்க மொதல்ல அப்பா வரட்டும்" என்றார்.

நான் போனேன். சத்துணவு ஆலோசகர் சொன்னபடி எங்கள் சமையல் மெல்ல மாறியது. கொள்ளுப்பருப்பு, கீரை, மோர், கம்பஞ்சோறு எல்லாம் முன்பும் வீட்டில் இருந்தவைதான், நான்தான் தொடாமல் இருந்தேன். பட்டறையிலிருந்து நடந்து வரத் தொடங்கினேன். ஒரு வருடத்தில் பதினொரு கிலோ குறைந்தது, அதில் மூன்று திரும்ப ஏறியது. நான் மெலிந்துவிடவில்லை. சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. மகள் இப்போது த்ரோபால் அணியில் இருக்கிறாள். அவள் எடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இதை எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது கண்ணு. நாலு பேருக்கு ஆகும்னா எழுது. பேரு மட்டும் போட்டுப்போடாத" என்றார். அதனால்தான் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

என் உடம்பு நான் ஒருவன் மட்டும் இருக்கும் வீடு என்று நினைத்திருந்தேன். அதற்குள் எண்ணிலடங்காத உயிர்கள் பிறந்து, தின்று, சாகின்றன. அவற்றுக்கு என் ஒரு நாள் பல தலைமுறை. இன்று நான் சாப்பிடுவது நாளை அங்கே யார் இருப்பது என்பதில் சேர்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு இழந்துபோன வருடங்களை நினைத்து வருந்துவது குறைந்துவிட்டது.

சென்ற மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். அப்பா பஸ்ஸில்தான் போவேன் என்றார். ஒன்றரை வருடமாகக் குளியலறை இருக்குமிடம் தெரியாமல் எங்கும் போகாதவர். வழியில் காரமடையில் பஸ் நின்றதும் அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"என்னங்கப்பா? எறங்கணுங்களா? வவுறு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"பசிக்குது கண்ணு" என்றார். "பந்தி ஆரம்பிச்சிருப்பாங்களா?"