ஆயுத பூஜையில் நின்ற கம்ப்யூட்டர்

கோலாலம்பூருக்கு வடக்கே, புந்தோங்கில் ஒரு பஸ் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் வழியெல்லாம் அம்மா அதைச் சொல்லிக்கொண்டே போனார். மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகும். நிற்கும்போது திரையில் ஏழெட்டு வரி எண்கள் வரும். நான் பேனா தேடுவதற்குள் கிளார்க் அக்கா எட்டி அதன் முகப்பில் இருக்கும் சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி போட்டுவிடுவார். கவுண்டரில் மெக்கானிக்குகள் பிரேக் சாமானுக்குக் கத்திக்கொண்டிருப்பார்களே! கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும், எண்கள் போய்விடும். கோலாலம்பூரிலிருந்து வரும் சீன எஞ்சினியர் சோதித்துவிட்டு, "மெஷின் ஓகே லா" என்பார்.

மெஷின் ஓகே என்றால் தப்பு யாருடையது? முதலாளி என் விரல்களைப் பார்த்தார்.

"தம்பி, இன்னொரு வாட்டி நின்னுச்சு, வேற ஆள் பாத்துக்குவேன்."

ஆயுத பூஜை வந்தது. விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரை அணைக்காமலே சந்தனம், குங்குமம் வைத்தார் முதலாளி. சூடம் காட்டி முடித்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். அது நின்றது.

அக்கா பழக்கத்தில் கையை நீட்டினார்.

"ஏய், தொடாதே! பூஜை போட்ட சாமான். நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்," என்று முதலாளி அதட்டினார்.

நீட்டிய கையை அக்கா என் பக்கம் திருப்பினார். "அண்ணே, பாருங்க. தம்பி கையில சுண்டல் இருக்கு. இவன் மெஷின் பக்கமே போகல!"

முதலாளி என்னையும் சுண்டலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாமே எஞ்சினியருக்குப் போன் போட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எண்கள் அத்தனையையும் நோட்டில் எழுதினேன். ஒன்றுகூட விடக்கூடாது என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மறுநாள் காலையில் எஞ்சினியர் வந்தபோதும் எண்கள் திரையில் அப்படியே ஒளிர்ந்தன. எந்தப் பாகம் பழுது என்று சொல்லும் எண்களாம் அவை; படித்தார். பெட்டியைத் திறந்து ஒரு மெமரி அட்டையைக் கழற்றி உயர்த்திக் காட்டினார்.

"இதுதான் ரோசாக், கெட்டுப்போச்சு! இந்த நம்பரை ஏன் இவ்வளவு நாள் எனக்குக் காட்டல?"

அக்கா சாவியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு எப்போதாவது அது நின்றால், நான் நோட்டை எடுக்கும்வரை அக்கா சாவிக்கு முன்னால் கையை விரித்து நிற்பார்.

"யாரும் தொடாதீங்க, இன்னிக்கு ஆயுத பூஜை லா!"

மெக்கானிக்குகள் சுண்டல் எங்கே என்று கேட்பார்கள்.