சாந்தசொரூபியின் ஒரு கண்

பல்செட் செய்பவர் தம் வேலையில் கெட்டிக்காரர். மருத்துவர் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, பல் அடுக்கி, தேய்த்து, பளபளப்பேற்றி, பொக்கை வாய்களுக்கெல்லாம் சிரிப்பு தயாரித்துக் கொடுத்தார். ஒரே சங்கடம், அந்தச் சிரிப்புகளை வேறு யாரோ மாட்டிக்கொண்டு போனார்கள். செய்த ஆள் யார் என்று ஒரு வாய்கூடக் கேட்டதில்லை. ஒரு மனிதருக்கு ஆன்மிக நாட்டம் வர இதைவிட என்ன காரணம் வேண்டும்?

வந்தது. தினமும் காலையில் பால்கனியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, தியானம் செய்யும் வீடியோவை இணையத்தில் போட ஆரம்பித்தார். பக்கத்துக்குப் பெயர் 'அக அழகு'. "முகத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள்" என்று முகப்பில் எழுதியிருந்தது. அதற்கு மேலே அவர் முகம், மூன்று விதமான வெளிச்சத்தில்.

வீடியோ எடுப்பது மனைவி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லி, எல்லாருக்கும் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரியும் பதிவிடாமல் வீட்டுக்கு வருகிறவர். ஃபோன் பிடித்தால் கை ஆடாது. ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் ஸ்டாண்டுக்கு, "நல்லா வந்துச்சா?" என்று கேட்டால் "ம்" கொட்டத் தெரியாதே.

'சாந்தசொரூபி' என்ற பட்டம் மனைவியின் தம்பி உபயம்.

"மாமா, தியானத்துல ஒரு கண்ணு மட்டும் லேசா திறந்திருக்கே, அது என்ன ஆசனம்?"

"அது அரைப்பார்வை, மாப்ளே. உனக்குப் புரியாது."

"புரியுது மாமா. ஃபோன் நேரா இருக்கான்னு பார்க்குறீங்க."

"ஏம்மா, உன் தம்பியச் சும்மா இருக்கச் சொல்லு."

"ரெண்டு பேருமே சும்மா இருங்க," என்றார் மனைவி. தியானத்தைப் பற்றி அந்த வீட்டில் பேசப்பட்டதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு யோகா மையம் அவரைக் கூப்பிட்டது. ஞாயிறு வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும், வாசலில் ஆளுயரப் படமும் வைப்பார்கள். தனியாக உட்கார்ந்தது போதும், ஒரு கூட்டத்தை உட்கார வைத்த வீடியோ ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆளுயரம் என்ற சொல்லுக்கப்புறம் அவருக்குத் தூக்கம் போயிற்று.

குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஏற்பாடு. மச்சினன் வீடு வீடாகக் கூப்பிட்டதில் நாற்காலிகள் நிரம்பின. நடுவில் மனைவி, முகத்தை மறைத்தபடி ஃபோன்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது," என்றார் அவர்.

மூடினார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அரைப்பார்வையைத் திறந்தவருக்குப் பெருமை பொங்கியது. பிறகுதான் விஷயம் உறைத்தது. இத்தனை பேரில் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தினார், பார்க்க ஆளில்லை. பட்டறைக் கண்ணாடியில் பழகிய கருணைப் புன்னகையை எடுத்துவிட்டார், சீந்துவாரில்லை. மூக்கு அரித்தது, சொறியாமல் பொறுத்தார். அந்தச் சாதனைக்கும் சாட்சியில்லை. ஆறுதல் அந்த ஃபோன் ஒன்றுதான். ஆடாமல் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை நம்பிக் கடைசிவரை புன்னகைத்தார். கடைசியில், "திறக்கலாம்" என்றார்.

"மனசு லேசா இருக்கு," என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் நேரே மனைவியிடம் போனார்.

"வந்துச்சா?"

"என்னது?"

"வீடியோம்மா."

மனைவி ஃபோனை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஐயோ, நான் அமுக்கவே இல்லைங்க."

"அமுக்கலையா? பொழுதன்னைக்கும் பட்டன் அமுக்குறதுதானே உன் வேலை?"

"எல்லாரும் கண்ணை மூடுங்கன்னு சொன்னீங்க. மூடிட்டேன்."

"உன்னையா சொன்னேன்?"

"எல்லாரும்னுதானே சொன்னீங்க." ஃபோனைக் கீழே இறக்கி, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. தினமும் இதைத்தான் செய்றீங்களா?" என்றார்.

அவர் வாசல் பக்கம் காட்டி மச்சினனை விரட்டினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஏழெட்டுப் பேரை மச்சினன் கெஞ்சிக் கூட்டி வந்தான்.

"கூட்டம் கம்மியா தெரியுமே மாமா."

"கிட்டத்துல வச்சு எடுக்கட்டும். இவளைத் தவிர எல்லாரும் கண்ணை மூடுங்க."

இம்முறை மனைவி சொன்னார், "மூச்சை இழுங்க. அசையாதீங்க." அமுக்கினார். அமுக்கினாரா என்று பார்க்க சாந்தசொரூபி ஒரு கண்ணைத் திறந்தார்.

மையத்துக்கு வீடியோ பிடித்துப்போயிற்று. ஆளுயரப் படத்தையும் அதிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, வாசலில் வருகிற போகிறவர்களை எண்ணியபடி நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வகுப்பெடுக்கப் போய்விடுவதால் பால்கனி காலி.

"நான் இல்லாதப்போ வீட்ல என்னதான் பண்றே?" என்று ஒருநாள் கேட்டார்.

"பால்கனியில சும்மா உக்கார்ந்திருப்பேன்."

"அடப் பாவமே," என்றார் சாந்தசொரூபி, உண்மையான கரிசனத்தோடு. "நம்ம வகுப்புக்கு வாயேன். ஏதாவது கத்துக்கலாம்ல?"