தராசு தொங்கும் கூடம்

கூடத்து உத்தரத்தில் தொங்கிய இரும்புத் தராசை வீட்டுக்காரர் அழகுக்காக மாட்டியிருக்கிறார் என்று நம்பினேன். அதுவும் என்னைப் போன்ற ரசனை உள்ளவர்களுக்காக. படித்த முட்டாளுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் பழைய தானியக் கிடங்கின் மாடி அது. சுண்ணாம்பைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டி, உயரத்தில் மரத்தளம் போட்டுப் படுக்கையறை ஆக்கி, 'லாஃப்ட்' என்று பெயரிட்டு வாடகைக்கு விட்டார்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட பிறகு நான் வண்டியைத் தொடுவதில்லை. இங்கிருந்து அலுவலகம் பன்னிரண்டு நிமிட நடை. காய்கறி, மருந்துக்கடை, மசால் தோசை எல்லாம் நடை. இந்த வீடு போனால் மறுபடி ஊர்க்கோடியில் குடியிருந்து ஆட்டோக்காரரிடம் கெஞ்ச வேண்டும்.

அதனால் ஒப்பந்தத்தை நானே இங்கிலீஷில் எழுதினேன். 'ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்காமல் உரிமையாளர் உள்ளே நுழையக்கூடாது.' வீட்டுக்காரர் கடைசிப் பக்கத்தில் கன்னடத்தில் ஏதோ கிறுக்கினார். பள்ளியில் மார்க்குக்காகக் கன்னடத்தை விட்டு சமஸ்கிருதம் எடுத்த மைசூர்க் கூட்டத்தில் நானும் ஒருவன். கன்னடத்தில் சண்டை போடுவேன், படிக்க வராது. அதை வெளியே சொல்வானேன்? கையெழுத்துப் போட்டேன்.

தராசின் ஒரு தட்டில் வெங்காயம் வைத்தேன். மறு தட்டின் சங்கிலியில் பனியன் காயப்போட்டேன்.

தசராவின்போது ஒரு நாள் காலை, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. கூடத்தில் மூட்டை தூக்கும் ஆட்கள் ஆறு பேர், ஒரு ஏணி. என் நாற்காலியில் வீட்டுக்காரர். "வாங்க சார், உக்காருங்க" என்றார். என் வீட்டுக்கு என்னையே வரவேற்கிறார்!

மாடிப்படிக்கு ஓடிப்போய், பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் போன் போட்டேன்.

"நம்மளக் காலி பண்ண வெக்கறாங்க. ஏணியோட வந்திருக்காங்க."

"சாமானத் தூக்கி வெளிய போட்டாங்களா?"

"என் பனியன எடுத்துட்டாங்க."

"நான் என்னிக்கோ செஞ்சிருக்கணும். பசங்க கத்தறாங்க, வெச்சிடறேன்."

ஒப்பந்தத்தை எடுத்து வந்து வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அத்துமீறல், போலீஸ், கோர்ட் என்று நான் பேசப் பேச, மூட்டைக்காரர்களில் மூத்தவர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், பரிவோடு குறுக்கிட்டார். "பனியனுக்காகக் கோவிச்சுக்காதீங்க சாமி. ஈரமா இருந்துச்சுங்க, கம்பியில போட்டிருக்கறனுங்க. வெங்காயம் ரெண்டு அழுகிருச்சு, எடுத்துட்டனுங்க."

அவமானத்தில் என் கோபம் இரட்டிப்பானது. வெங்காயத்தைப் பற்றி யாரய்யா கேட்டது? நான் குளித்துவிட்டு வரும் நேரத்தில் இவர்கள் நுழைந்திருந்தால் என்ன நிலையில் நின்றிருப்பேன்?

வீட்டுக்காரர் நிதானமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தன் கிறுக்கலை வாசித்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தராசைத் துடைக்க மண்டி ஆட்கள் வருவார்கள். மறுநாள் பூஜை. குடியிருப்பவர் தடுக்கக் கூடாது.

"கீழ உங்க கையெழுத்துதானே சார்?"

"அப்போ என் நிபந்தனை? ஒரு நாள் முன்னாடி சொல்லணும்னு?"

"அது இங்கிலீஷ்ல இருந்துது. நான் எங்க படிச்சேன்?"

மூத்தவர் தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தபடியே சொன்னார்: "ரெண்டு பேருமே படிக்கலீங்களா? சரியாப் போச்சுங்க."

ஆறு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இப்போதும் சிரிப்பதாக இல்லை. ஒரு போன் போட்டிருக்கலாம். கதவையாவது தட்டியிருக்கலாம். பூஜைக்குரிய பொருள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதில் உள்ளாடை தொங்கவிடுவேனா?

மறுநாள் காலை தராசுக்குப் பொட்டு வைத்துச் செவ்வந்தி மாலை போட்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்கும் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. இது மூன்றாம் வருடம், அங்கேதான் இருக்கிறோம். இன்னொரு சாவி வீட்டுக்காரரிடமே இருக்கிறது.