பல்லாவரத்தில் கிடைத்த குழந்தை

இன்று காலை பெருங்களத்தூரில் ரயில் ஏறியதும் நேற்று பாதியில் விட்ட ஒரு மராத்திப் படத்தை மொபைலில் போட்டேன். மஞ்சள் கவுனோடு காணாமல் போன மகளைத் தேடி ஊர் ஊராக அலையும் அம்மாவின் கதை. வெளியே மேகமூட்டம், ஜன்னல் காற்று. அந்த அம்மா எங்கள் வண்டியில்தான் எங்கோ நிற்கிறாள் என்று தோன்றியது.

பக்கத்தில் கீரைக்கூடையோடு ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு இயர்போனை நீட்டினேன்.

"இன்னா பாஷைம்மா?"

"மராத்திக்கா. கீழ இங்கிலீஷ்ல ஓடும்."

"அதெல்லாம் வேணாம். அந்தம்மா மூஞ்சியே போதும்."

பல்லாவரத்தில் இறங்கியவர் ஜன்னலருகே வந்து நின்றார்.

"கொழந்த கெடச்சிச்சாம்மா?"

படம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

"கெடச்சிடுச்சுக்கா!" என்று கத்தினேன். கூடையைப் பிடித்தபடியே கண்ணை மூடிச் சிரித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் அந்த மஞ்சள் கவுனை நானும் தேடினேன். எழும்பூரில் படம் முடிந்தது. குழந்தை கிடைக்கவில்லை.

நாளைக்கும் அதே வண்டி, அதே லேடீஸ் பெட்டி. "எங்க கெடச்சிது?" என்றுதான் அக்கா முதலில் கேட்பார்.

நல்ல இடமாக ஒன்று சொல்லுங்களேன்.