எல்லாரும் கோட்டைக்கு வாங்கிய டிக்கெட்

இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்த வருஷங்களில், பஸ்ஸில் ஏறினால் சொந்த ஊரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட காலம். பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று யார் கண்டது?

மறியல் முடிந்து அன்றுதான் கள்ளக்குறிச்சியிலிருந்து அரசு பஸ் விட்டார்கள். அடுத்த பஸ் உண்டா என்பது அவர்களுக்கே தெரியாது. வழியில் என் மகள், சுரமாய்க் கிடந்த கைக்குழந்தையோடு அவள் ஊர் நிறுத்தத்தில் நிற்பாள். அவளை ஏற்றிக்கொண்டு எலவனாசூர்கோட்டை டாக்டரிடம் போகவேண்டும்.

"கோட்டை ஒண்ணு."

"கோட்டை ரெண்டுங்க."

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். "இன்னாங்க, கோட்டையில கல்யாணமா? மொத்த பஸ்ஸும் அங்கியே போவுது."

யாரும் சிரிக்கவில்லை. சந்தையில்லை, திருவிழாவில்லை. இத்தனை பேர் அங்கே எதற்கு? எதிர் சீட்டில் தலையில் துண்டு கட்டியவர், காலிடுக்கில் சாக்கு வைத்திருந்தார். உள்ளே ஏதோ நீளமாக இருந்தது. கோடாலியோ என்னவோ.

"எந்த ஊரும்மா?" என்றார்.

"கோட்டைங்க."

"கோட்டையில எந்தப் பக்கம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரைவர் கேட்டார்: "நடுவுல எறங்கறவங்க இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல. நிக்காம போ. கை காட்டினாலும் நிறுத்தாத, கல்லு வரும்" என்றார் கண்டக்டர்.

என் மகளும் கைதான் காட்டுவாள். கண்டக்டரிடம் சில்லறை கேட்கவே கூசுகிறவள் நான். புளியமரத்து வளைவு வந்ததும் எழுந்து நின்று மகள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். இப்போதும் அதை இங்கே எழுதவில்லை, பழக்கம்.

"கோட்டைக்கு வாங்கிட்டு இங்க இன்னாம்மா?"

"பொண்ணு நிக்குதுங்க. கொழந்தைக்குச் சொரம்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இவள் யார் வீட்டு ஆள் என்கிற பார்வை. கண்டக்டர் விசில் அடித்தார்.

பஸ் நின்றதும் துண்டுக்காரர் சாக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே நாலைந்து பேர். எல்லாரிடமும் கோட்டை டிக்கெட்.

"ஏங்க, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றார் கண்டக்டர். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

மகள் ஏறினாள். குழந்தை அனலாகக் கொதித்தது.

"எங்கேம்மா?" என்றார் கண்டக்டர்.

"கோட்டைங்க."

"நெஜமாவே கோட்டையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிழித்தார்.

பஸ் கிளம்பியது. இறங்கியவர்கள் புளியமரத்தடியிலேயே நின்றார்கள். எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்று நாங்கள் பார்த்துவிடக் கூடாதாம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நானும் மரம் மறைகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.