பூட்டிய கேட்டில் நின்றவள்

பேய் இருட்டில்தான் வரும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது உச்சி வெயிலில். பகல் பன்னிரண்டரை மணி, சோற்று நேரம். பொய் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லி நான் சம்பாதித்தது ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லித்தான் இருந்த வேலையும் போனது.

என் பெயர் வேலுத்தாய். ஆமத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். பொட்டல் காட்டில் தனித்தனி அறைகள், நடுவில் வேப்பமரங்கள், சுற்றிலும் முள்கம்பி, ஒரே ஒரு இரும்பு கேட். காலையில் வேன் இறக்கிவிட்டதும் செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். வெடிமருந்து இருக்கும் இடம், அது சரிதான். அப்புறம் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள் பாருங்கள், அது எந்தச் சட்டத்திலும் இல்லை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை அடைத்திருந்தார்கள். ஆபீசர் யாரும் திடீரென்று உள்ளே வந்துவிடக் கூடாது. அதற்குத்தான் பூட்டு. சாவி போர்மேன் செந்தூர்பாண்டியின் இடுப்பில் தொங்கும்.

கக்கூஸ் இரண்டு. ஒன்று ஆபீசுக்கு. இன்னொன்றில் தண்ணீர் வராது. அதனால் நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தீட்டு நாளில் காலையில் வைத்த துணியோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்போம். நீர்க்கடுப்பு வரும், புண்ணாகும், வெள்ளைப்படும். யாரிடமும் காட்டாமல் வருசக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, முடியாத அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடு என்பார்கள். எனக்கு முப்பத்தாறு வயதில் எடுத்தார்கள். எங்கள் தெருவில் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை.

அன்றைக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தேன். கேட் ஆடும் சத்தம் கேட்டது. டங்... டங்... காற்று இல்லை. வேப்பிலைகூட அசையவில்லை.

எட்டிப் பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. எங்களைப் போலவே சேலைக்கு மேல் சட்டை, நீலக் கட்டம் போட்டது. ஒரு கையால் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தாள். சேலை பின்பக்கம் இடுப்பிலிருந்து கரண்டைக்கால் வரை நனைந்து கறுத்திருந்தது.

பாவம், சேலையில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். எங்களில் யாருக்கு அது நடக்கவில்லை? தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"இந்தா தாயி, இதச் சுத்திக்க."

அவள் திரும்பவில்லை. கேட்டை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தேன்...

யாரும் இல்லை.

சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே கொதிக்கிற சிமெண்டில் இரண்டு பாதத் தடம். ஈரமாக. கஞ்சி கொட்டினாலே நொடியில் காய்ந்துபோகும் வெயில் அது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தடம் காயவில்லை.

அறைக்கு ஓடிவந்தேன். நான் இந்தக் கம்பெனிக்கு வந்து ஆறு மாதம்தான்; முருகம்மாள் மதினிதான் அங்கே ரொம்ப வருசமாக வேலை பார்ப்பவள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது.

"நீல சட்டையா?" என்றாள்.

"யாரு மதினி அது?"

"சும்மா கெட. சோத்தத் தின்னு."

இரண்டு நாள் கழிந்தது. பாண்டிமீனா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மருமகள், மல்லாங்கிணற்றுப் பிள்ளை. மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

"சித்தி," என்றாள் மெதுவாக. "அடிவயிறு சுருட்டிப் புடிக்கி."

அவள் உட்கார்ந்திருந்த சாக்கைப் பார்த்தேன். சிவந்துகொண்டிருந்தது.

போர்மேனிடம் ஓடினேன். விசயத்தைக் கேட்டான். மேசை டிராயரைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒரு வெள்ளை மாத்திரையை நீட்டினான். பெயர் இல்லை, அட்டை இல்லை. வயிற்று வலி என்று யார் போனாலும் அதுதான்.

"இதப் போட்டுட்டு உக்காரச் சொல்லு. சாயங்காலம் லோடு ஏத்தணும்."

"மாசமா இருக்கா. ரத்தமாப் போகுது. கேட்டத் தெறங்க."

"மாசமா இருக்கிறவ எதுக்கு வேலைக்கு வந்தா? ரோட்டுல ஆபீசர் வண்டி சுத்துது. நாலரைக்கு வேன் வரும், அதுல போகட்டும்."

அப்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை.

அவனோடு பேசி நேரத்தைக் கழிக்கவில்லை. நானும் மதினியும் பாண்டிமீனாவைத் தூக்கினோம். நான் தோளைப் பிடித்தேன், மதினி இடுப்பைப் பிடித்தாள். கால் தரையில் இழுபட்டது. வாட்ச்மேன் முத்துக்கருப்பன் கையை விரித்தார்.

"சாவி எங்கிட்ட இல்ல தாயி."

கேட் ஆடத் தொடங்கியது.

டங்... டங்... டங்...

யாரும் அதைத் தொடவில்லை. முத்துக்கருப்பன் பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சுவரில் முட்டி நின்றார்.

பாண்டிமீனாவின் கால் தரையை விட்டு மேலே எழும்பியது. பாரம் பாதியாகக் குறைந்தது. என் கையில் ஐஸ் பட்டதுபோல ஒரு குளிர்...

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சங்கிலி சரசரவென்று கீழே விழுந்தது.

பூட்டு, பூட்டியபடியே கிடந்தது.

ரோட்டில் வந்த லோடு ஆட்டோவை மறித்து ஏறினோம். பாண்டிமீனாவின் தலை என் மடியில். மதினி எதிரே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"கடைசியில நிக்கிற அக்காவ உக்காரச் சொல்லுங்க. விழுந்துறப் போறாக."

மதினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளை நிற்கவில்லை. ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் அவளும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. நாலரை வேனை நினைக்க நினைக்க எரிந்தது.

அந்தி நேரத்தில் செந்தூர்பாண்டி ஆப்பிள் பையோடு வந்தான். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றான். அவன் எதிரிலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, பூட்டு, மாத்திரை, வேன் எல்லாவற்றையும் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். விசாரணை என்றார்கள். வந்து பார்த்தார்கள், போனார்கள். மறுவாரமே எங்கள் தெருவுக்கு வந்த வேன் என்னை ஏற்றாமல் போனது. அந்தக் கம்பெனி இன்றைக்கும் ஓடுகிறது.

அன்றைக்குச் செந்தூர்பாண்டி போன பிறகுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி வாயைத் திறந்தாள்.

"அவ பேரு செல்லத்தாய். போன வருசம் தீபாவளி சீசன்ல, இதே மாதிரி கலைஞ்சு போச்சு. கேட்டப் புடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் கத்துனா தெரியுமா. எங்கள ரூம விட்டு வெளிய விடல. நாலரைக்கு வேன்ல ஏத்துனப்ப உசுரு இல்ல. நெஞ்சுவலினு கம்பெனிக்காரன் சொன்னான். ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் எழுதுனாக. வேல போயிரும்னு நாங்களும் ஒருத்தரும் பேசல."

அவள் அழுதாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் இசபெல் வந்தாள். சின்னப் பிள்ளை, வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பாண்டிமீனாவின் கையில் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"உங்ககூட வந்த இன்னொரு அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"எந்த அக்கா?"

"நீலக் கட்டம் போட்ட சட்டை. ரத்தம் நிக்கிற வரைக்கும் கட்டில் பக்கத்துலயே நின்னாங்க. சேரு போட்டேன், உக்காரல. யாருகிட்டயும் பேசல. நான் கேஸ் எழுத பேனாவ எடுத்தப்ப மட்டும் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. கை அம்புட்டு குளிர்ச்சி..."

நான் இசபெலின் கையைப் பார்த்தேன்.

"என்ன சொன்னாக?"

"'இவளுக்காச்சும் நெஞ்சுவலினு எழுதிராதீக, தாயி'ன்னாங்க."