ஆமையில் வைத்து முப்பது எண்ணு

வெர்னா கிட்டோவின் தலைக்குள் ஒரு கேள்வி நுழைந்துவிட்டால், பதில் கிடைக்கும்வரை அவளுக்குத் தொண்டையில் தேநீர்கூட இறங்காது. பார்லி வயல்களுக்கு நடுவே கிடக்கும் பென்ரோஸ் ஃப்ளாட் ஊரில் அவள் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு குளிர்காலத்தில், இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில் மட்டும் ஏன் மூச்சாவி படிகிறது என்று கண்டுபிடிக்க, லீவு நாளில் வண்டியை நிறுத்திவைத்து ஒவ்வொரு இருக்கையிலும் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். அடியில் ரப்பர் கிழிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வெர்னா துடைத்துவிட்டுப் போகிற ரகம் இல்லை.

அப்படிப்பட்டவள், ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று நிறுத்தும்போதெல்லாம் ஏன் வெடிக்கிறது என்று ஆறு வருடம் கேட்காமலே இருந்தாள் என்றால், அதற்குக் காரணம் மரியாதை. மரியாதை புத்தியை மழுக்கிவிடும், ஜாக்கிரதை.

சனிக்கிழமை காலைகளில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல்வெட்டுவது அவள் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வண்டி சிவப்பு நிறம், வயது இருபது, இருக்கையில் பாதி டேப். வேகத்துக்கு ஒரு பிடி உண்டு. மேலே முயல் படம், கீழே ஆமைப் படம். யாராவது இரும்பு வாசலில் கால் வைத்தால், மரியாதைக்காக, வெட்டுகிறவர் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வெர்னா அதில் கெட்டிக்காரி. வாசல் கதவு அசைந்தால் போதும், முயல் வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும் வண்டியின் சாவியை டக்கென்று திருப்பிவிடுவாள். ஒரு மூச்சு அமைதி. பிறகு சைலன்சரிலிருந்து டமார்!

"செத்தவங்களே எந்திரிச்சிருவாங்க போல" என்று வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்க முடியாதபடி அது ஆனது, அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

அன்று வந்தவர் பெவன் ட்ரெஸைஸ். எழுபத்தெட்டு வயது, பேச்சுக் குறைவு. மனைவி ஐவி போய் இரண்டு வருடம். சனிக்கிழமை பத்து மணிக்கு ஐவியின் கல்லறைக்கு வருவார். தோளில் ஐவி வளர்த்த கொண்டைக்கிளி, டோட் உட்கார்ந்திருக்கும். ரோஜா நிற மார்பு, சாம்பல் சிறகு, காலில் பச்சை வளையம். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். ஐவி நாற்பது வருடம் சமையலறை வாசலில் நின்று சொன்னது, ஐவியின் அதே குரலில்:

"பெவ், பூட்ஸத் தொடச்சியா?"

அவர் வயலிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அது கேட்கும். அவரும் துடைப்பார். அந்த வீட்டில் ஐவியின் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு தொண்டையில்தான்.

அந்தச் சனிக்கிழமை வாசல் கதவு அசைந்தது. வெர்னா சாவியைத் திருப்பினாள். டமார்! டோட் பறந்துவிட்டது. சிறகு கத்தரிப்பது ஐவியின் வேலை. பெவனுக்கு அதற்குக் கை வரவில்லை.

"உன் தப்பு இல்ல, வெர்ன்" என்றார் பெவன். திட்டியிருந்தால் தேவலாம். வீட்டுக்குப் போன வெர்னா மத்தியானம்வரை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டோட் தொலைந்துபோகவில்லை. அதுதான் கொடுமை. சனிக்கிழமைதோறும் அறுபது எழுபது காட்டுக் கொண்டைக்கிளிகள் கல்லறைத் தோட்டத்தில் இறங்கும். வெட்டின ஈரப்புல்லில் கிழங்கு கிளறித் தின்ன, ஏருக்குப் பின்னால் கோழி போவதுபோல வண்டிக்குப் பின்னாலேயே நடக்கும். அந்தக் கூட்டத்தில் பச்சை வளையம் போட்ட ஒன்று. எஞ்சின் இரைச்சலுக்கு அவை அஞ்சவில்லை. ஆனால் அந்த இரைச்சலில் பெவன் கூப்பிடுவது டோட்டின் காதில் விழாது. எஞ்சினை நிறுத்தினால் வெடிச்சத்தம். கூட்டம் மொத்தமும் வானத்தில். ஒரு வாரம் வெட்டாமல் இருந்து பார்த்தாள். ஒரு கிளிகூட வரவில்லை.

"புல்லு காஞ்சா கூட்டம் வடக்க போயிரும்" என்றார் பெவன், வேலிக்கு வெளியே பிஸ்கட்டும் கையுமாக நின்றபடி. "செப்டம்பர் தாண்டாது."

அப்போது ஆகஸ்ட் பாதி. அன்றுதான் வெர்னாவுக்குள் ஆறு வருடம் தூங்கிய கேள்வி விழித்துக்கொண்டது. ஏன் வெடிக்கிறது?

கல்லறைக் குழுத் தலைவர் லின்ஸியைக் கேட்டாள். "அது அந்த வண்டியோட குணம்மா. என் மாமனாரும் அப்படித்தான், ஒரு சத்தம் விட்டுட்டுத்தான் தூங்குவாரு."

மெக்கானிக் டூகி தலையைக்கூடத் தூக்கவில்லை. "பழைய பெட்ரோலு."

புதுப் பெட்ரோல் ஊற்றினாள். டமார். ஸ்பார்க் பிளக்கை மாற்றினாள். டமார்.

"சாவியத் திருப்புனா நிக்குதுல்ல? அப்புறம் என்ன?" என்றான் டூகி.

நிற்கிறதா? அங்கேதான் வெர்னாவுக்குப் பொறி தட்டியது. கொட்டகைக்குப் போய் எஞ்சினை முயல் வேகத்தில் ஓடவிட்டு, சாவியைத் திருப்பிவிட்டு, மேலே சுற்றும் சக்கரத்தையே பார்த்தாள். உடனே நிற்கவில்லை! நெருப்புப்பொறி போன பிறகும் வந்த வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுகிற எஞ்சின் சும்மா சுற்றுமா? பெட்ரோலை உறிஞ்சும். எரிக்கப் பொறி இல்லை. எரியாததை அப்படியே கொதிக்கிற சைலன்சருக்குள் துப்பும். கேஸ் அடுப்பில் தீயை ஊதி அணைத்துவிட்டுத் திருகை மூடாமல் விட்டதுபோல.

டூகியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான்.

"அட, ஆமா. வண்டியோட வந்த புஸ்தகத்துலயே இருக்குமே. பாக்கலியா நீ?"

"எங்க இருக்கு புஸ்தகம்?"

"சீட்டுக்கு அடியில."

இருந்தது. எலி பாதி தின்றிருந்தது. ஆறு வருடமாகப் பதிலின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். முதலில் பிளேடை நிறுத்து, வேகத்தை ஆமைக்கு இறக்கு, சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகு அணை என்று எழுதியிருந்தது. 'சற்று நேரம்' என்றால் எவ்வளவு? அதை எலி தின்றதோ, எழுதினவர் விழுங்கினாரோ.

வெர்னா தானே அளந்தாள். பேருந்தை விட்டுவந்த பிறகு சாயங்காலங்களில், கொட்டகைச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். முயலிலிருந்து நேராக அணைத்தால் பத்துக்கு ஒன்பது வெடி. ஆமைக்கு இறக்கிய உடனே அணைத்தால் ஒரு செருமல். பத்து எண்ணினால் சில நேரம் செருமல். இருபது எண்ணினால் எப்போதாவது. முப்பது எண்ணி அணைத்தால், நாற்பது தடவையில் ஒரு தடவைகூடச் சத்தமில்லை.

கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. வெடித்தது வண்டியின் குணம் இல்லை. அவள் அவசரம். எவ்வளவு சீக்கிரம் மரியாதை செய்தாளோ அவ்வளவு பலமாக வெடித்திருக்கிறது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. புல் நுனி வெளுக்க ஆரம்பித்திருந்தது. வெர்னா வெட்டிக்கொண்டே ஐவியின் வரிசைக்கு வந்தாள். பின்னால் கிளிக்கூட்டம், நடுவில் பச்சை வளையம். பெவன் வாசலுக்கு வெளியே நின்றார். அவள் கையை ஆட்டிக் கத்தினாள்:

"உள்ள வாங்க பெவ்! வண்டி ஓடட்டும்!"

"எஞ்சின் ஓடறப்ப எப்படி வர்றது? ஐவி என்ன நினைப்பா?"

"ஐவிகிட்ட நான் சொல்லிக்கறேன். வாங்க!"

தொப்பியைக் கழற்றிக்கொண்டு, திருடனைப்போல உள்ளே வந்தார். ஐவியின் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, வழக்கம்போல வெடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

வெர்னா வண்டியை நிறுத்தி பிரேக்கைப் போட்டாள். பிளேடை நிறுத்தினாள், அடியில் இரைச்சல் தணிந்தது. கிளிகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. வேகப்பிடியை முயலிலிருந்து மெல்ல ஆமைக்கு இறக்கினாள். எண்ணினாள். பதினைந்தில் ஒரு கிளி சிறகை விரித்தது. இருபத்தைந்தில் மடக்கிக்கொண்டது. முப்பது. ஒரு பயத்தில் இன்னும் ஐந்து சேர்த்து எண்ணினாள். சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவுதான். அறுபது அலகுகள் புல்லைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெவன் குறுக்கிய தோளை இறக்கவே இல்லை.

"ரிப்பேரா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்ல. நிறுத்தியிருக்கேன். கூப்பிடுங்க."

அவர் வாயைத் திறந்தார். பிஸ்கட் நொறுங்கி விரலிடுக்கில் கொட்டியது. "டோட்" என்றது பாதிதான் வெளியே வந்தது.

பச்சை வளையக்காரன் நிமிர்ந்தான். வரவில்லை. தலையைச் சாய்த்து, மூன்று மாதமாகக் கிட்டத்தில் பார்க்காத அந்த மனிதரை மேலிருந்து கீழே பார்த்தான். பெவன் பொறுக்கமாட்டாமல் ஈரப்புல்லில் ஒரு அடி எடுத்து வைத்தார். டோட்டின் கொண்டை விறைத்து எழுந்தது.

"பெவ், பூட்ஸத் தொடச்சியா?"

வண்டியில் உட்கார்ந்திருந்த வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெவன் எடுத்த காலைப் பின்னால் வைத்தார். இடது பூட்ஸைப் புல்லில் தேய்த்துத் துடைத்தார். பிறகு வலது. அதற்கப்புறம்தான் குனிந்து தோளைக் காட்டினார்.